பவளம் வேண்டாம், கோமாளி மீன் வளர்க்கலாம்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். பத்து வயது மகள் கடல் மீன் தொட்டி கேட்கிறாள். உயிருள்ள பவளம், கோமாளி மீன், நீல டேங் மீன் எல்லாம் வைத்து நாலடித் தொட்டி அமைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். “ஏற்கெனவே பிடித்து வந்தவைதானே, நீங்கள் வாங்காவிட்டால் இன்னொருவர் வாங்குவார்” என்கிறார். வாங்கலாமா?
- ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, கடைக்காரரின் சமாதானத்தை ஏற்காதீர்கள். கடையில் ஒரு மீன் விற்றதும் அந்த இடத்தை நிரப்ப அடுத்த மீனுக்கு ஆர்டர் போகிறது. நீங்கள் கொடுக்கும் பணம் உண்மையில் அந்த அடுத்த மீனைப் பிடிப்பதற்கான கூலி.

நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. பவளப்பாறை மீன்களோ பெரும்பாலும் கடலில் பிடிபட்டவை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா கடல்களில் சயனைடு கரைசலைப் பாட்டிலில் கொண்டுபோய்ப் பாறை இடுக்குகளில் பீய்ச்சி, மயங்கி வெளியே வரும் மீன்களை அள்ளும் வழக்கம், தடையையும் மீறி, பல பத்தாண்டுகளாகத் தொடர்கிறது. அந்த நஞ்சு பட்ட பவளமும் வெளுத்துச் சாகிறது. அந்த நஞ்சில் உயிர் தப்பிப் பிடிபட்ட மீன்களில் பலவும் சில நாட்களிலோ வாரங்களிலோ இறந்துவிடுகின்றன. பவளத்தையே தின்று வாழும் வண்ணத்துப்பூச்சி மீன் வகைகளின் நிலை இன்னும் கொடுமை: போடும் தீனியைத் தொடாமல், தொட்டிக் கண்ணாடியைக் கொத்திக் கொத்தி, நம் கண்ணெதிரிலேயே பட்டினியால் மெலிந்து சாகும்.

பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கு நிகரான காப்பில் இருக்கின்றன. எனவே மன்னார் வளைகுடாவிலோ லட்சத்தீவிலோ பெயர்த்த பவளத்தை வாங்குவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நீல டேங் ஓரடி வரை வளர்ந்து நாளெல்லாம் நீந்தித் திரியும் மீன். நாலடித் தொட்டி அதற்குச் சிறை.

ஆனால் மகளின் ஆசையை அடியோடு மறுக்க வேண்டியதில்லை. கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை, மண்டபத்தில் இயங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் எப்போதோ கைவரப்பெற்றுவிட்டது. பண்ணையில் பிறந்ததென்று எழுத்தில் உறுதி தரும் கடையில் ஒரு ஜோடி வாங்குங்கள். கடலில் அவை புகலிடமாகக் கொள்ளும் கடல் சாமந்தி என்ற உயிரினம் தொட்டியில் கட்டாயமில்லை. செயற்கைப் பாறையே போதும். பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடிய உயிர் என்பதால், மகள் கல்லூரிக்குப் போன பிறகும் தண்ணீர் மாற்றும் பொறுப்பு உங்களுடையதுதான். மின்சாரம் போய் பம்ப் நின்றால் தொட்டியில் ஆக்சிஜன் விரைவில் குறைந்துவிடும் என்பதால், முதலில் இன்வெர்ட்டர் இணைப்பு கொடுத்து, உப்புநீரைச் சில வாரம் ஓடவிட்டுப் பதப்படுத்துங்கள். மீனை அதன் பிறகு கொண்டுவாருங்கள்.