டைரக்டர்: புரொஜெக்டரில் மட்டும் படம் வராத சிக்கல்

வணக்கம். மல்டிமீடியா உருவாக்கும் மென்பொருளான டைரக்டருக்குள் ஓட்டினால் வெளிக் கோப்புகளாக இருக்கும் ஜேபெக் படங்கள் ஒழுங்காக மாறுகின்றன, புரொஜெக்டராக்கியதும் (தனியாக ஓடும் நிரலாக்கியதும்) வரவில்லை என்கிறீர்கள். எனக்கு லிங்கோ (டைரக்டரின் நிரல் மொழி) மேல் சந்தேகம் இல்லை. ஜேபெக்கைப் படிப்பது ஓர் எக்ஸ்ட்ராவின், அதாவது டைரக்டரோடு சேரும் துணை நிரலின் வேலை. காஸ்டில் (மூவியின் படம், ஒலி முதலியவை இருக்கும் தொகுப்பில்) ஜேபெக் எதுவும் இல்லாமல், ஓடும்போதுதான் ஃபைல்நேமை (படம் வரும் கோப்பின் பெயரை) மாற்றுகிறீர்கள் என்றால், அந்த எக்ஸ்ட்ரா தேவைப்படும் என்று டைரக்டருக்குத் தெரிய வழியில்லை. மாடிஃபை மெனுவில் மூவி, அதற்குள் எக்ஸ்ட்ராஸ் போய்ப் பாருங்கள். மிக்ஸ் சர்வீசஸ், ஜேபெக் இம்போர்ட் எக்ஸ்போர்ட் இரண்டும் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சேர்த்துவிட்டு, புரொஜெக்டரை மறுபடி உருவாக்குங்கள்.

அப்புறம், டிரைவ் எழுத்தோடு முழுப் பாதையை எழுதாதீர்கள். மூவிபாத்தோடு (மூவி இருக்கும் ஃபோல்டரின் பாதையோடு) கோப்புப் பெயரை ஒட்டினால் போதும், கடைசிச் சாய்கோடு அதிலேயே வரும். சிடியில் கொடுப்பதென்றால் இது கட்டாயம், அந்த எழுத்து கணினிக்குக் கணினி மாறும். அப்படியும் வராவிட்டால் ஃபைல்நேமை மாற்றும் அந்த லிங்கோ வரியை இங்கே போடுங்கள், பார்த்துவிடலாம்.