ரிக்குக்குப் பாரம் தூக்கும் சாமான் வாங்குகிறீர்களா? கேள்வி-பதில்

எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்குகளுக்குக் கொள்முதல் பார்ப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. எல்லாமே பாரத்தைத் தாங்கும் சாமான், அந்தப் பாரத்தை அளக்கும் மீட்டர் பற்றியவை.

கேள்வி: பழைய எலிவேட்டர் லிங்க் (குழாயைக் கவ்வும் எலிவேட்டரை ஹூக்கில் தொங்கவிடும், இரு முனையிலும் கண் உள்ள இரும்புத் தண்டு) ஒரு ஜோடி பாதி விலைக்கு வருகிறது. 350 டன், 108 அங்குலம். புது பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருக்கிறது. சர்டிபிகேட்டும் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்தப் புது பெயிண்ட்தான் உறுத்துகிறது. 5 அங்குல டிரில் பைப் (தோண்டும் குழாய்) 3,000 மீட்டர் தொங்கினால், வெறும் காற்றில் அதன் எடையே 87 டன்னைத் தாண்டும். ஹூக்குக்கும் எலிவேட்டருக்கும் நடுவில் அதைத் தாங்குவது இந்த இரண்டு லிங்க் மட்டும்தான். முடி போன்ற மெல்லிய விரிசலை மறைக்கப் பெயிண்டைவிட மலிவான வழி கிடையாது. பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பாக்கி, உங்கள் ஆள் முன்னிலையில் காந்தத் துகள் சோதனை (இரும்பைக் காந்தமாக்கித் துகள் தூவி விரிசலைக் கண்டுபிடிப்பது) செய்யச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

அடுத்து காலிப்பரை எடுத்து மேல் கண், கீழ் கண் இரண்டிலும் பாரம் உட்காரும் இடத்தின் தடிமனை அளந்து பாருங்கள். கண் தேயத் தேய லிங்க்கின் தாங்குதிறன் இறங்கும். எந்தத் தடிமனுக்கு எத்தனை டன் என்று தயாரிப்பாளரே அட்டவணை வெளியிடுவார். 350 என்பது புதிதாக இருந்தபோது குத்திய எண். லிங்க் தேய்ந்தாலும் அந்த எண் அப்படியேதான் இருக்கும். அட்டவணை கிடைக்காத லிங்க்கின் இன்றைய திறன் என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாததற்குப் பாதி விலையும் அதிகம்.

இரண்டு லிங்க்கும் ஒரே ஜோடியாக, ஒரே நீளமாக இருக்கின்றனவா என்று பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்துப் பாருங்கள். நீளம் மாறினால் எலிவேட்டர் சாயும், பாரம் ஒரு பக்கம் ஏறும். இரும்பில் குத்தியிருக்கும் சீரியல் நம்பரும் சர்டிபிகேட்டில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். வெல்டிங் செய்த தடம் எங்காவது தெரிந்தால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். வெப்பப் பதம் செய்த எஃகு அது, வெல்டிங் சூடு பட்டால் பதம் போய்விடும்.

சர்டிபிகேட்டில் 'இன்ஸ்பெக்ஷன் செய்யப்பட்டது' என்று மட்டும் இருந்தால் போதாது. ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) வெளியிட்ட ஆர்பி 8பி என்ற வழிகாட்டி இந்தப் பரிசோதனையை நான்கு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை, ஓடும்போது கண்ணால் பார்ப்பது. நான்காவது, கழற்றிச் சுத்தம் செய்து, பாரம் தாங்கும் பாகம் அத்தனையையும் விரிசல் சோதனைக்கு உட்படுத்துவது. பழைய சாமானுக்கு நான்காவதைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: ஏபிஐ முத்திரை இருந்தால் நம்பலாம்தானே?

பதில்: முத்திரைக்குப் பக்கத்தில் இருக்கும் உரிம எண்ணையும் தயாரித்த தேதியையும் படியுங்கள். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை ஏபிஐ இணையத்தில் வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் தேடலாம். சாமான் தயாரான தேதியில் அந்த உரிமம் உயிரோடு இருந்ததா, அது பாரம் தூக்கும் சாமானுக்கான 8சி தரத்தின் உரிமமா என்று இரண்டையும் பாருங்கள். டாங் (குழாயை முறுக்கும் கருவி), ஸ்லிப் (குழாயைக் கடித்துப் பிடிக்கும் ஆப்பு) வகைகளுக்கான 7கே உரிமத்தைக் காட்டி லிங்க் விற்க வந்தால் அது வேறு கணக்கு. புதுச் சாமானாக இருந்தால், குறித்த பாரத்தைப் போல் 1.5 மடங்கு ஏற்றிச் சோதிக்கும் புரூஃப் லோடு டெஸ்ட்டையும் ஆர்டரிலேயே எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: ஒரு கொட்டேஷனில் 350 டன், இன்னொன்றில் 317.5 டன். முதலாவதுதானே பலம் அதிகம்?

பதில்: இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். 350 ஷார்ட் டன் என்பது ஏறக்குறைய 317.5 மெட்ரிக் டன். இந்தத் துறையில் சும்மா 'டன்' என்றால் பெரும்பாலும் 2,000 பவுண்டு கொண்ட ஷார்ட் டன்தான். மெட்ரிக்கில் மாற்றி எழுதிய நேர்மையான ஆள் ஒப்பீட்டுத் தாளில் தோற்றுப்போவதுண்டு, பாவம். எல்லோரிடமும் கிலோ நியூட்டனில் எழுதி வாங்கிவிட்டால் குழப்பமில்லை.

கேள்வி: வேறொரு ரிக்கில் இருந்த வெயிட் இண்டிகேட்டர் (ஹூக்கின் பாரத்தைக் காட்டும் மீட்டர்) மலிவாக வருகிறது. முள் நன்றாகவே ஆடுகிறது. டயல் 8 லைனுக்கானது; எங்கள் பிளாக்கில் (ஹூக்கைத் தாங்கும் கப்பித் தொகுதி) கயிறு 10 லைனாக ஓடுகிறது. சமாளிக்கலாமா?

பதில்: கூடாது. இந்த மீட்டர் ஹூக்கில் தொங்கும் பாரத்தை நேராக அளப்பதில்லை. டெட் லைனில், அதாவது கயிற்றின் அசையாமல் கட்டிய முனைப் பக்கத்தில், உள்ள இழுவையை அளக்கிறது. அதை எத்தனையால் பெருக்குவது என்பது டயலிலேயே அச்சாகியிருக்கிறது. ஹூக்கில் 80 டன் என்று வையுங்கள். 10 லைனில் ஒவ்வொன்றுக்கும் சுமார் 8 டன். உங்கள் டயல் அதை எட்டால் பெருக்கி 64 என்று காட்டும். குழாய் சிக்கிக்கொண்ட நேரத்தில், 'இன்னும் இழுக்க இடமிருக்கிறது' என்று டிரில்லர் நினைப்பார். மாஸ்ட்டுக்கு (ரிக்கின் கோபுரம்) அது தெரியாது.

வாங்குவதானால் ஆங்கர் (டெட் லைனைக் கட்டிப் பிடிப்பது) மாடல், கயிற்றின் விட்டம், நீங்கள் ஓட்டப்போகும் லைன் எண்ணிக்கை, இந்த மூன்றையும் எழுதிக்கொடுத்து வாங்குங்கள். லைன் எண்ணிக்கை மாறுமென்றால் அதற்கெல்லாம் டயல் கிடைக்குமா என்றும் கேளுங்கள். அளவுத்திருத்தச் சான்று மீட்டருக்கு மட்டும் இருந்தால் பயனில்லை. ஆங்கர், லோடு செல் (இழுவையைத் திரவ அழுத்தமாக மாற்றுவது), மீட்டர் சேர்ந்த முழுச் செட்டுக்கும் வேண்டும். திரவம் நிரப்பும் கைப்பம்பும் கூட வருகிறதா என்று பாருங்கள். திரவம் குறைந்து லோடு செல்லின் டயாஃபிரம் (சவ்வு) இடைவெளி சுருங்கிப்போனால் முள் ஆடிக்கொண்டேதான் பொய் சொல்லும்.

மாட்டியதும் ஒரு சின்னச் சோதனை: வெறும் பிளாக்கையும் ஹூக்கையும் மெதுவாக ஏற்றி ஒரு அளவு, இறக்கி ஒரு அளவு எடுங்கள். கப்பிகளின் உராய்வால் இரண்டும் கொஞ்சம் மாறும். சராசரி, பிளாக்கின் எடையை ஒட்டி வர வேண்டும். இது முழு அளவுத்திருத்தம் ஆகாது. ஆனாலும் டயல் மாறியிருந்தால் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: டிரில்லிங் லைன் (பிளாக்கில் ஓடும் கம்பிக் கயிறு) 2,500 அடிச் சுருளா, 5,000 அடியா?

பதில்: பெரியது. 142 அடி மாஸ்ட்டில் 10 லைன் கோர்த்தால் 1,600 அடிக்கு மேல் எப்போதும் மேலேயே நிற்கும். மீதிதான் கையிருப்பு. கயிறு செய்த வேலையை டன்-மைலில் (எத்தனை டன்னை எத்தனை மைல் நகர்த்தியது) கணக்கிட்டு, வரம்பு வந்ததும் புதுக் கயிற்றை உள்ளே நகர்த்தி, தேய்ந்ததை வெட்ட வேண்டும். கையிருப்பு குறைவாக இருந்தால் 'இன்னும் ஒரு நாள் ஓடட்டும்' என்ற பேச்சு வந்துவிடும். அப்புறம், வெட்டும் நீளம் டிரம்மின் முழுச் சுற்றுகளுக்குச் சமமாக அமையக் கூடாது. அமைந்தால் தேயும் இடங்களிலேயே திரும்பத் திரும்பத் தேயும்.

கேள்வி: 9⅝ அங்குல கேசிங்கில் (கிணற்றின் சுவரைத் தாங்கும் குழாய்) 7 அங்குல லைனரை (அதற்குள்ளிருந்து கீழே தொங்கும் சிறிய குழாய்) தொங்கவிட ஹேங்கர் கேட்டோம். விற்பவர் கேசிங்கின் எடை என்ன என்கிறார். அளவு சொன்னால் போதாதா?

பதில்: அவர் கேட்டது சரி. 9⅝ என்பது வெளிவிட்டம். அடிக்கு 40 பவுண்டு கேசிங்கின் உள்விட்டம் 8.835 அங்குலம், 47 பவுண்டில் 8.681, 53.5 பவுண்டில் 8.535. ஹேங்கரின் ஸ்லிப் கடித்துப் பிடிப்பது உட்சுவரைத்தான். மெல்லிய கேசிங்குக்கான ஹேங்கர் தடித்ததில் இறங்காமலே போகலாம். தடித்ததற்கானது மெல்லியதில் எட்டாமல் வழுக்கலாம். எடையோடு கேசிங் எஃகின் கிரேடையும் கிணறு எவ்வளவு சாய்வு என்பதையும் எழுதி அனுப்புங்கள். சாய்வு அதிகமென்றால் குழாயைத் திருப்பிப் பொருத்தும் மெக்கானிக்கல் வகை தொல்லை தரும். பந்து போட்டு அழுத்தத்தில் பொருத்தும் ஹைட்ராலிக் வகைக்கு விலை கேளுங்கள்.