வனவியல் படிக்கப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: என் மகள் ப்ளஸ் டூ உயிரியல் பிரிவு. காடு அழிவதைத் தடுக்க உதவும் படிப்பில் சேர ஆசைப்படுகிறாள். எங்கே சேர்க்கலாம்? (வாசகி, தர்மபுரி)

பதில்: மேட்டுப்பாளையத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி இருக்கிறது. நான்காண்டு பி.எஸ்சி. வனவியல், ப்ளஸ் டூ மதிப்பெண் தரவரிசைப்படி இடம். மேற்படிப்புக்கு டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனமும், மேலாண்மை என்றால் போபால் இந்திய வன மேலாண்மை நிறுவனமும் உண்டு. ஐ.எஃப்.எஸ். (இந்திய வனப்பணி) எழுத நினைத்தால் இப்போதே நடக்கப் பழகட்டும்: தேர்வில் பெண்கள் 4 மணி நேரத்தில் 14 கி.மீ. நடக்க வேண்டும்.

மரம் நடுவதுதான் படிப்பு என்று எண்ணிச் சேர வேண்டாம். ஒரு காட்டில் எவ்வளவு மரம் நிற்கிறது, ஆண்டுக்கு எவ்வளவு வளர்கிறது, எவ்வளவு எடுத்தால் காடு தாங்கும் என்ற கணக்குதான் இதன் உயிர். காட்டை நிர்வகிக்க வனத்துறை போடும் பத்தாண்டுத் திட்டம் (வொர்க்கிங் பிளான்) அதன் மேல்தான் நிற்கிறது. கணக்குக்குப் பயப்படாத பெண் என்றால் தைரியமாகச் சேருங்கள்.

கேள்வி: மலைச்சரிவில் மரங்களை எண்ணுவதற்காக நான் அளந்து போடும் ப்ளாட்டில் (மாதிரிப் பரப்பில்) மரக்கணக்கு எப்போதும் குறைவாகவே வருகிறது. ஏன்? (வனவியல் மாணவர், கோவை)

பதில்: டேப்பைத் தரையோடு ஒட்டிப் பிடித்திருப்பீர்கள். 0.1 ஹெக்டேர் சதுர ப்ளாட்டின் பக்கம் 31.62 மீட்டர், அது கிடைமட்ட தூரம். 30 டிகிரி சரிவில் தரையோடு 31.62 அளந்தால் கிடைமட்டத்தில் 27.4 மீட்டர்தான் தேறும். ப்ளாட் 0.087 ஹெக்டேராகச் சுருங்கிவிடும். அதில் 40 மரம் எண்ணி, ஹெக்டேருக்கு 400 என்று எழுதுவீர்கள். உண்மையில் 460-க்கு மேல். சில ஆண்டு கழித்து வேறொருவர் சரியாக அளந்து 400 என்று எழுதினால், இடையில் வெட்டுப்பட்ட அறுபது மரம் தாளில் தெரியவே தெரியாது. காடு அழிவது இப்படியும் மறைந்துபோகிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

தூரத்தைச் சரிவுக் கோணத்தின் கோசைனால் வகுங்கள்: 31.62-ஐ 0.866-ஆல் வகுத்தால் 36.5. சரிவின் போக்கில் போகும் இரு பக்கங்களுக்கு மட்டும் இந்த நீளம். மரச் சுற்றளவை மேட்டுப் பக்கம் நின்று, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் எடுங்கள். அடிமரம் பலகைவேர் விட்டிருந்தால் அது முடிகிற இடத்துக்கு மேலே. 1.37-க்குக் கீழேயே கவைத்திருந்தால் இரண்டு மரம்.

கேள்வி: உண்ணிச்செடியை (லன்டானா களை) ஆண்டுதோறும் வெட்டியும் மறுபடி தழைக்கிறதே? (வாசகர், கூடலூர்)

பதில்: தரைக்கு மேலே வெட்டினால் பல கிளையாகத் தழைக்கும். வேர்க்கழுத்துக்குக் கீழே, மண்ணுக்குள் 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள். வெட்டுவாய் மண்ணைத் தொடக்கூடாது. காய் பழுக்கும் முன்பே முடியுங்கள், பழுத்தால் பறவைகள் விதையைப் பரப்பிவிடும். காலியான இடத்தில் உள்ளூர்ப் புல் விதையைத் தூவி, அடுத்த இரண்டு மூன்று மழைக்காலமும் முளைக்கிற நாற்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும்.