பெயர் பிறகு, முதலில் உள்பக்கம்

அன்புள்ள ஐயா,

தருமபுரியிலிருந்து எழுதுகிறேன். நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு காலாண்டிதழ் தொடங்கவிருக்கிறோம். இந்தப் பகுதியின் நடுகற்கள், தெருக்கூத்து, ஏரிகள், தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் ஊர்களின் பேச்சு வழக்கு, புதிதாக எழுத வருகிறவர்களின் கதை, கவிதை ஆகியவற்றை வெளியிட எண்ணம். கிருஷ்ணகிரி மாவட்டத்தையும் சேர்த்துக்கொள்வோம். டெம்மி என்னும் நடுத்தரப் புத்தக அளவு, 48 பக்கம், இரண்டு பத்தி அமைப்பு.

பெயரில்தான் முடிவுக்கு வர முடியவில்லை. 'தகடூர்', 'நெல்லிக்கனி', 'விடியல் முழக்கம்', 'தருமபுரி இலக்கியச் சுடர்' ஆகிய நான்கும் பட்டியலில் நிற்கின்றன. எதுவானாலும் முகப்பில் அதை வட்டெழுத்து என்னும் பழந்தமிழ் எழுத்தில் போட வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் நடுகற்களில் இருப்பது அந்த எழுத்துதானே. உள்ளே கட்டுரைக்கு ஓர் எழுத்துரு, கதைக்கு வேறொன்று, கவிதைக்குச் சாய்வெழுத்து என்று வகுத்திருக்கிறோம். பக்கத்தை மிச்சப்படுத்த 9 பாயிண்ட் அளவு. தட்டச்சு செய்து தருபவர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் பழகியவர். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு வட்டாரத்துக்கென்று இதழ் தொடங்க நால்வர் முன்வந்திருப்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன். பெயரைப் பற்றிப் பிறகு பேசுவோம். முகப்பை வாசகர் ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிவிடுவார். உள்பக்க எழுத்தோடுதான் அவர் மணிக்கணக்கில் இருக்கப் போகிறார். எனவே உள்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கப் பலரும் 'அ, ஆ, இ' தட்டிப் பார்ப்பார்கள், அல்லது ஒரு திருக்குறளை இட்டுப் பார்ப்பார்கள். அதில் எல்லா எழுத்துருவும் அழகாகவே தெரியும். உங்கள் முதல் இதழுக்கு வந்துள்ள கட்டுரை ஒன்றை எடுத்து, ஒரு முழுப் பக்கத்தை நிரப்பிப் பாருங்கள். அதில் உங்கள் ஊர்ப்பெயர்கள் இருக்க வேண்டும். ஒகேனக்கல், பென்னாகரம், மொரப்பூர், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாப்பிரெட்டிப்பட்டி.

இந்தக் கடைசிப் பெயர் ஒன்றே உங்கள் பக்க அமைப்பைச் சோதித்துவிடும். டெம்மித் தாளில் இரண்டு பத்தி போட்டால் ஒரு பத்தியின் அகலம் ஐந்தரை சென்டிமீட்டர் தேறுவதே கடினம். பாப்பிரெட்டிப்பட்டி வரியில் பாதிக்கு மேல் பிடித்துக்கொள்ளும். இரண்டு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று மென்பொருளுக்குக் கட்டளையிட்டிருப்பீர்கள். அது அந்தச் சொல்லை அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டு, மேல்வரியில் மிஞ்சிய இரண்டு சொற்களை இரு ஓரத்துக்கும் இழுத்துக் கட்டும். நடுவே வெள்ளையாய் ஒரு பள்ளம் விழும். தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டியே வருவதால் இப்படிப்பட்ட நீளச் சொற்கள் பக்கத்துக்குப் பத்தாவது இருக்கும். சொல்லை உடைக்கலாம் என்றால் அதற்கும் முறை உண்டு. புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. 'பாப்பி' என்று நிறுத்தி 'ரெட்டிப்பட்டி' என்று தொடங்கலாம். 'பா' என்று நிறுத்தி அடுத்த வரியை 'ப்பி' என்று தொடங்கினால் கண் தடுக்கி விழும். ஈய எழுத்துக் கோத்தவர்களுக்கு இது கைப்பழக்கமாக இருந்தது. மென்பொருளை நம்பி விட்டால் அது எங்கே வெட்டும் என்று சொல்ல முடியாது. இந்த அளவுத் தாளில் கட்டுரைக்கும் கதைக்கும் ஒற்றைப் பத்தியே சரி. துணுக்குகளுக்கு மட்டும் இரண்டு பத்தி வைத்துக்கொள்ளுங்கள், அங்கும் வலது ஓரத்தை நேராக்காமல் விட்டுவிடுங்கள்.

அடுத்து 9 பாயிண்ட். இதை நான் ஒப்பவே மாட்டேன். காகிதக் கவலை எனக்குப் புரிகிறது, அது நம் அச்சின் தொடக்க காலத்திலேயே இருந்த கவலை. 1713இல் தரங்கம்பாடியில் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்குவின் அச்சுக்கூடம் இயங்கத் தொடங்கியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவையாக இருந்தன. காகிதம் கட்டுப்படியாகவில்லை. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளைப் புதிதாக வார்த்தார்கள். புதிதாக வார்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஈய எழுத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனி வார்ப்பு உண்டு. சின்ன அளவுக்கு வெட்டும்போது வளைவுகளுக்குள் இருக்கும் வெற்றிடத்தைச் சற்றுத் தாராளமாக விடலாம். கணினியில் நீங்கள் செய்வது ஒரே வடிவத்தைச் சுருக்குவது மட்டும்தான். 9 பாயிண்டில், மை உறிஞ்சும் தாளில், 'ண' தன் சுழியை மூடிக்கொண்டு 'ன' போலத் தெரியும். மெய்யெழுத்தின் புள்ளி பாதி இடங்களில் காணாமல் போகும். உங்கள் இதழை வாங்கப் போகிறவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கணிசமாக இருப்பார்கள். இரவு விளக்கில் அவர்கள் படிக்க வேண்டும். 11 பாயிண்ட் எழுத்து, வரிக்கு வரி 16 பாயிண்ட் என்று வையுங்கள். தமிழில் மேலே இகர ஈகாரக் கொக்கிகளும் கீழே உகர ஊகார வால்களும் இருப்பதால் வரிகள் நெருங்கினால் ஒன்றோடொன்று உரசும். பக்கம் போதவில்லை என்றால் ஒரு கட்டுரையை அடுத்த இதழுக்குத் தள்ளிவைப்பது மேல்.

வகைக்கு ஓர் எழுத்துரு என்ற திட்டத்தையும் கைவிடக் கேட்டுக்கொள்கிறேன். கதையா கட்டுரையா என்பதை முதல் பத்தி சொல்லிவிடும், அதற்கு எழுத்துரு மாற வேண்டியதில்லை. கவிதைக்குச் சாய்வெழுத்து என்பது ரோமன் எழுத்திலிருந்து நாம் வாங்கிக்கொண்ட வழக்கம். அங்கே சாய்வெழுத்து கையெழுத்து மரபிலிருந்து தனி வடிவமாகவே வளர்ந்தது. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அப்படித் தனியாக வரைந்த சாய்வு கிடையாது. பொத்தானை அழுத்தினால் மென்பொருள் நேர் எழுத்தைப் பிடித்துத் தள்ளும். 'ட', 'ப', 'ம' ஆகியவற்றின் நேர்கோடுகள் சரிந்து நிற்கும், வட்டங்கள் நசுங்கும். கவிதைக்குத் தேவை சுற்றிலும் வெள்ளை இடம். இடப்பக்கம் தாராளமாக இடம் விட்டு, கட்டுரைக்குள்ள அதே எழுத்தில் போடுங்கள், அது கவிதையாகவே நிற்கும்.

எந்த எழுத்துரு என்று பெயர் சொல்லாமல் விட்டால் கடிதம் முழுமையாகாது. உள்பக்கத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ், தலைப்புகளுக்கு முக்த மலர் அல்லது கட்டமரன். இவை திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பவை, விற்பனைக்கான இதழிலும் தடையின்றிப் பயன்படுத்தலாம். நோட்டோ செரிஃபில் தடித்த கோடும் மெல்லிய கோடும் மாறி மாறி வரும். மேப்லித்தோ என்னும் வெள்ளை அச்சுத் தாளில் அது நன்றாக இருக்கும். செய்தித்தாள் காகிதமான நியூஸ்பிரிண்ட் என்றால் மெல்லிய கோடுகள் தேய்ந்துவிடும், அப்போது அதே எழுத்துருவின் ஒருபடி தடித்த வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் கிடைக்கும் லதா எழுத்துருவைக் கணினித் திரையில் வைத்துக்கொள்ளலாம், 48 பக்க வாசிப்புக்கு அது வேண்டாம். எதை எடுத்தாலும் 'ஞூ', 'ழூ', 'றூ' போன்ற அரிய எழுத்துகளையும், எண்களையும், 'ஸ்ரீ'யையும் இட்டுப் பாருங்கள். பல எழுத்துருக்கள் இந்த இடங்களில்தான் சறுக்கும்.

பாமினி பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் தட்டச்சரின் கைவேகத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினி பதிந்துகொள்வது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளை. திரையில் மட்டும் அது தமிழாகத் தெரிகிறது. எழுத்துருவை மாற்றினால் தமிழ் மறைந்துவிடும், தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. நடுகல் பற்றி நீங்கள் இன்று வெளியிடும் குறிப்பு, 20 ஆண்டு கழித்து ஓர் ஆய்வு மாணவருக்கு ஒரே தேடலில் கிடைக்க வேண்டாமா? வட்டார இதழின் பெரும்பயன் அதுதானே. தமிழைத் தமிழாகவே பதியும் யூனிகோடு முறையில் அடியுங்கள். பாமினி விசைப்பலகை அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு யூனிகோடில் எழுதும் மென்பொருள்கள் உண்டு. அவர் விரல் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதே இல்லை.

யூனிகோடை வடிவமைப்பு மென்பொருளில் கொட்டும்போது 'பென்னாகரம்' என்ற சொல்லின் ஒற்றைக்கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் நின்றால் பதற வேண்டாம். இன்டிசைன் மென்பொருளில் பத்தி அமைப்புக்குள் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற தெரிவு இருக்கிறது. அதை இயக்கினால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். பலர் இதை அறியாமல் 'யூனிகோடு அச்சுக்கு ஆகாது' என்று சொல்லிப் பாமினிக்கே திரும்பிப் போகிறார்கள்.

இனிப் பெயருக்கு வருகிறேன்.

'விடியல் முழக்கம்' எந்த ஊரில் வரும் எந்த இதழுக்கும் பொருந்தும். அதனாலேயே உங்களுக்குப் பொருந்தாது. 'தருமபுரி இலக்கியச் சுடர்' உங்கள் நோக்கத்தையே குறுக்கிவிடுகிறது. கூத்தும் ஏரியும் பேச்சு வழக்கும் இலக்கியம் என்ற சொல்லுக்குள் அடங்க மறுக்கும். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004இல் தனி மாவட்டமாயிற்று. மாவட்டப் பெயரை முகப்பில் வைத்துவிட்டு, ஓசூர்க்காரரிடம் போய் இது உங்கள் இதழும்தான் என்று சொன்னால் அவர் எப்படி நம்புவார்?

'நெல்லிக்கனி' அழகான பெயர். அதியமான் ஔவைக்கு அளித்த கனி, புறநானூற்றின் 91ஆம் பாடல். ஆனால் கடையில் தொங்கும்போது அது மருத்துவ இதழ் என்றே பலரும் எண்ணுவார்கள்.

என் தேர்வு 'தகடூர்'. அது தருமபுரியின் பழம்பெயர், இன்றைய மாவட்ட எல்லைக்குக் கட்டுப்படாதது. ஒரே சொல், தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் சரியாக எழுதிக்கொள்வார். 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து', 1966இல் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தொடங்கிய 'மல்லிகை' எல்லாம் ஒற்றைச் சொற்கள்தான். 1970இல் வந்த 'கசடதபற' தன்னை வல்லின மாத இதழ் என்றே சொல்லிக்கொண்டது. அந்த ஆறு எழுத்துகளிலேயே இதழின் குணம் தெரிந்துவிடும். உங்களுக்கு வேண்டியதும் அப்படியொரு பெயர். அதற்கு முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோ 'புதிய', 'குரல்', 'சுடர்' எதையும் சேர்த்துவிடாதீர்கள்.

ஆனால் நீங்கள் விரும்பும் பெயர் உங்களுக்குக் கிடைக்க வேண்டுமே. 1867ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒன்றிய அரசின் பிரஸ் சேவா இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதே மொழியில் நாட்டின் எந்த மூலையிலாவது, அல்லது அதே மாநிலத்தில் எந்த மொழியிலாவது, ஏற்கெனவே பதிவான பெயரோ அதை ஒத்த பெயரோ உங்களுக்குத் தரப்பட மாட்டாது. ஆகவே இரண்டு மூன்று மாற்றுப் பெயர்களையும் மனமொப்பி வைத்திருங்கள். பெயர் உறுதியாகும் முன் முகப்பை வரையக் கொடுக்காதீர்கள்.

வட்டெழுத்து ஆசையைப் படித்தபோது உங்கள் மேல் எனக்கு அன்பு கூடியது. ஆனாலும் முகப்பில் வேண்டாம். இதழின் பெயரை வாசகர் படிக்க வேண்டும். நடுகல்லை வெட்டியவரும் தன் காலத்தவர் படிக்கும் எழுத்திலேயே வெட்டினார். இன்றைய எழுத்தில் பெயர் இருக்கட்டும். முன்னட்டையின் உட்புறத்தில் ஒவ்வோர் இதழுக்கும் ஒரு நடுகல்லின் மைப்படியை (கல்லின் மேல் தாளை ஒற்றி மையிட்டு எடுக்கும் படியை) வெளியிட்டு, அதன் வட்டெழுத்து வரிகளையும் பக்கத்திலேயே இன்றைய தமிழ் வாசிப்பையும் கொடுங்கள். இரண்டு ஆண்டு தொடர்ந்தால் உங்கள் வாசகர்களில் சிலர் மலையடிவாரக் கல்லைத் தாங்களே படிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

'தகடூர்' என்ற பெயரைக் கணினியில் தட்டிப் பெரிதாக்கி ஒட்டிவிடாதீர்கள், வரையச் சொல்லுங்கள். ஃப்ளெக்ஸ் பலகை வருவதற்கு முன் கடைப்பலகை எழுதிய ஓவியர்கள் உங்கள் பக்கத்திலும் இருப்பார்கள். தூரிகையால் எழுத்தின் இடைவெளியைக் கண்ணாலேயே அளந்து பழகியவர்கள் அவர்கள். இந்தப் பெயரில் 'டூ' ஒன்றுதான் சிக்கல். 'ட'வின் நேர்க்கோட்டிலிருந்து எழும் சுழி பல எழுத்துருக்களில் பிறகு ஒட்டவைத்ததுபோல் இருக்கும். அதை நன்றாக வரைந்துவிட்டால் அந்தச் சுழியே உங்கள் அடையாளமாகிவிடும். வரைந்ததைச் சந்தா ரசீதில் குத்தும் ரப்பர் ஸ்டாம்ப் அளவுக்குச் சுருக்கி, ஒரே வண்ணத்தில் பாருங்கள். அங்கும் படிக்க முடிந்தால் முகப்புக்குத் தகும்.

அச்சகத்துக்கு அனுப்பும்போது ஒன்றை மறக்காதீர்கள். உள்பக்க எழுத்து கறுப்பு என்ற ஒரே மையில் மட்டும் இருக்க வேண்டும். வண்ணப் பக்கங்களில் கவனிக்காமல் விட்டால் அந்தக் கறுப்பு நான்கு மைகளின் கலவையாக அமைந்துவிடும். அச்சுத் தகடுகள் இம்மி விலகினாலும் ஒவ்வோர் எழுத்தின் ஓரத்திலும் சிவப்போ நீலமோ நிழலாடும், புள்ளிகள் இரட்டிக்கும்.

மாதிரிப் பக்கத்தை முதல் இதழுக்கு வாங்கப்போகும் அதே தாளில் அச்சிட்டு எனக்குத் தபாலில் அனுப்புங்கள், கோப்பாக வேண்டாம். பாப்பிரெட்டிப்பட்டி இருக்கும் பக்கமாக அது இருக்கட்டும். படித்துவிட்டு அதன் மேலேயே குறிப்பெழுதித் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்