எரர் காயினா, அடிபட்ட காயினா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், எங்கிட்ட இருக்கற ஒரு காயின்ல விளிம்புல ஆரம்பிச்சு எழுத்து மேலயே ஏறி உள்ள வரைக்கும் மெல்லிசா ஒரு கோடு ஓடுது. நாணயம் அடிக்கற மின்ட்லயே தப்பா வந்த எரரா, இல்ல யாராச்சும் கீறிவிட்டதா?

பதில்: லென்ஸ் வச்சு, கோடு மேடா இருக்கா பள்ளமா இருக்கான்னு முதல்ல பாருங்க. காயின் அடிக்கிற டையில, அதாவது அச்சுல, எல்லாமே தலைகீழா இருக்கும், அதுல பள்ளமா இருக்கறதுதான் காயின்ல மேடா வரும், அதனால டை அடிச்சு அடிச்சு ஓஞ்சுபோய் விரிசல் விட்டா அந்த விரிசலுக்குள்ள உலோகம் ஏறி காயின்ல மேடான கோடா நிக்கும். நீங்க சொல்ற மாதிரி விளிம்புல ஆரம்பிச்சு எழுத்த தாண்டி ஓடுறது டை விரிசலோட வழக்கம்தான், மேடா இருந்துச்சுன்னா நல்ல சகுனம். ஆணியோ கத்தியோ கீறினா பள்ளம்தான் வரும், அதோட தள்ளப்பட்ட உலோகம் எங்கயும் காணாம போயிடாது, ஏர் ஓட்டின சால் ஓரத்துல மண்ணு ஒதுங்குற மாதிரி கோட்டுக்குப் பக்கத்துலயே கரை கட்டி நிக்கும்.

ஆனா பள்ளம்னாலே டேமேஜ்னு தூக்கிப் போட்டுடாதீங்க. டைக்கும் பிளாங்குக்கும் (இன்னும் அச்சடிக்காத வெறும் வட்டத் தகடு) நடுவுல ஒரு நூலோ சின்ன கம்பியோ மாட்டிக்கிட்டா அதோட தடமும் பள்ளமாத்தான் பதியும், அது அசல் எரர். அங்க ஓரத்துல கரை கட்டியிருக்காது. டையில கிரீஸ் அடைச்சு எழுத்து மங்கிப்போறதும் இதே குடும்பம்தான், ஆனா அது ரொம்ப சகஜம், அதுக்கு யாரும் பெருசா காசு தர மாட்டாங்க.

கேள்வி: வருஷம் ரெண்டு ரெண்டா தெரியுது. இது டபுள் டை தானே? நெட்ல பயங்கர ரேட் போட்டிருக்காங்களே!

பதில்: நெட்ல போட்டிருக்கற ரேட் விக்கறவரோட ஆசைங்க, அத விடுங்க. டபுள் டைங்கறது டை செய்யும்போதே நடக்கற தப்பு. பழைய முறையில மாதிரி அச்ச டை மேல ஒரு தடவைக்கு மேல அழுத்துவாங்க, அடுத்த தடவை அழுத்தும்போது கொஞ்சம் திரும்பிட்டா டையிலயே ரெண்டு உருவம் விழுந்துடும், அப்புறம் அந்த டை அடிக்கிற எல்லா காயின்லயும் அதே ரெட்டை அதே இடத்துல வரும். அமெரிக்காவோட 1955 ஒரு சென்ட் இதுக்கு பேர்போனது, அதுல லென்ஸே வேணாம், வெறும் கண்ணுக்கே வருஷமும் எழுத்தும் ரெட்டையா தெரியும்.

ஆனா நமக்கு வர்ற போட்டோக்கள்ல முக்கால்வாசி வேற சமாச்சாரம். டை லூசா இருந்து அடிச்ச கையோட லேசா நகர்ந்தா எழுத்தோட பக்கவாட்ட இழைச்சு விட்டுடும், அத மெஷின் டபுளிங்னு சொல்வாங்க. ரெண்டாவதா தெரியற உருவம் தட்டையா, பளபளன்னு, படிக்கட்டு மாதிரி கீழ இருக்கும், அசல் எழுத்து அந்த அளவுக்கு ஒல்லியாகி இருக்கும். டபுள் டைல அப்படி இல்ல, எழுத்து தடிச்சு இருக்கும், ரெண்டு உருவமும் உருண்டையா எழும்பியிருக்கும், எழுத்து முனையில வெட்டு விழுந்து பிரிஞ்ச மாதிரி தெரியும். மெஷின் டபுளிங்கும் மின்ட்லதானே நடந்துச்சு, அதையும் எரர்னு சொன்னா என்னன்னு கேப்பீங்க, நியாயமான கேள்விதான், ஆனா அது எக்கச்சக்கமா கிடைக்கறதால சேகரிக்கறவங்க மதிக்கறதில்ல, என் கணக்கும் அதேதான்.

கேள்வி: விளிம்புல பிறை மாதிரி கடிச்ச காயின் ஒண்ணு இருக்கு. எடை போட்டா கம்மியா காட்டுது, அப்ப யாரோ வெட்டிட்டாங்கன்னு தானே அர்த்தம்?

பதில்: இந்த கேஸ்ல தராசு உதவாது, அசலா இருந்தாலும் எடை கம்மியாத்தான் இருக்கும். தகட்டுல இருந்து பிளாங்க் வெட்டும்போது தகடு சரியா நகராம, ஏற்கனவே வெட்டின ஓட்டை மேலயே வெட்டு விழுந்தா இப்படி பிறை வரும். கடிச்ச இடத்துக்கு நேர் எதிர் விளிம்ப பாருங்க, அங்க ரிம், அதாவது ஓரத்துல எழும்பி நிக்கற வளையம், மங்கலா இருந்தா ரொம்ப நல்லது, ஏன்னா ரிம் எழுப்புற மெஷின்ல கடி பட்ட பக்கம் அழுத்தம் இல்லாததால எதிர்ப்பக்கமும் சரியா எழும்பாது. எல்லா காயின்லயும் இது தெளிவா தெரியாது, அதனால கடி பக்கத்து எழுத்தையும் பாருங்க, அடிக்கும்போது உலோகம் காலி இடத்துப் பக்கம் ஓடியிருந்தா எழுத்து மங்கி இழுத்துக்கிட்டு போகும். எழுத்து பாதியில டக்குனு நின்னு அரம் போட்ட தடம் தெரிஞ்சா வெட்டினதுதான், அதுல சந்தேகமே வேணாம்.

ஆஃப் சென்டர் காயினுக்கு, அதாவது டிசைன் நடுவுல விழாம ஒரு பக்கமா தள்ளி விழுந்த காயினுக்குத்தான் தராசு நல்ல சாட்சி, டிசைன் பாதி இல்லன்னாலும் பிளாங்க் முழுசு, எடையும் முழுசா இருக்கணும்.

கேள்வி: 1943 அமெரிக்க சென்ட் செம்பு கலர்ல இருக்கு, லாட்டரியா?

பதில்: காந்தம் வைங்க. அந்த வருஷம் துத்தநாகம் பூசின ஸ்டீல்லதான் அடிச்சாங்க, தப்பி வெண்கல பிளாங்க்ல விழுந்தது ரொம்ப ரொம்ப கொஞ்சம். ஒட்டுச்சுன்னா ஸ்டீல் மேல செம்பு முலாம், முடிஞ்சுது கதை. ஒட்டலன்னாலும் குதிக்காதீங்க, 1948ல இருக்கற 8அ செதுக்கி 3 ஆக்கின ஆளுங்க இருக்காங்க, அந்த காயின் நிஜமாவே வெண்கலம், எடையும் வெண்கலத்துக்கு உண்டான 3.11 கிராம்தான் காட்டும். அந்த 3ஓட வளைவ லென்ஸ்ல பாத்து, வேற அசல் 1943 ஸ்டீல் சென்ட்டோட 3 கூட வச்சு ஒப்பிடுங்க.

கேள்வி: ரெண்டு பக்கமும் தலை இருக்கு!

பதில்: மேஜிக் காயினா இருக்கலாம், ஒரு காயின குடைஞ்சு இன்னொன்ன உள்ள பொருத்தியிருப்பாங்க. ரிம்மோட உள்பக்கம் வட்டமா ஒரு இணைப்புக் கோடு தெரியுதான்னு தேடுங்க, அப்படியே எடையும் போட்டு அனுப்புங்க, போட்டோவுல விளிம்பு தெரியணும்.