12 வாரம் கால் ஊன்றக் கூடாது: வீட்டுக்குள் நாட்களை எப்படி ஓட்டுவது?

கேள்வி: எனக்கு 44 வயது. கும்பகோணம் பக்கம் வயரிங், மோட்டார் வேலை செய்கிறேன். போன மாதம் பைக் சறுக்கி வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்தது. பிளேட் வைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். 12 வாரம் அந்தக் காலை ஊன்றவே கூடாதாம். இப்போது நான்காவது வாரம் முடிகிறது. மாடி வீடு. மனைவி காலை எட்டரைக்கு வேலைக்குப் போனால் இரவு ஏழு மணிக்குத்தான் வருவாள். மகள் பத்தாம் வகுப்பு. நாள் முழுக்க ஃபோன்தான். ராத்திரி மூன்று மணி வரை தூக்கம் வருவதில்லை, பகலில் தூங்கிவிடுகிறேன். எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். மனதை எப்படி அமைதியாக வைத்துக்கொள்வது? கொஞ்ச நேரமாவது படியிறங்கித் தெருவில் உட்காரலாமா?

பதில்: மனதை அமைதியாக வைத்துக்கொள்வது எப்படி என்ற கேள்வியை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். அடிபட்டவர்களை அன்றாட வேலைகளுக்குத் திரும்பப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக நான் பார்த்த வரையில், படுத்த இடத்திலிருந்து மனதை மட்டும் பிடித்து அடக்கப் பார்த்தவர்கள் பெரும்பாலும் இன்னும் எரிச்சலோடுதான் எழுந்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவருடைய நாளில் ஆணி அடித்த மாதிரி சில நேரங்கள் இருக்கும். காலை டீ, கூப்பிடுகிற வீட்டுக்காரர், ஹார்ட்வேர் கடை திறக்கும் நேரம், சாப்பாட்டுக்கு வீடு திரும்புவது. விபத்தன்று உங்களுக்குக் காலோடு சேர்த்து அந்த ஆணிகளும் போய்விட்டன. ஒரு நாளை எதில் மாட்டுவது என்று தெரியாமல்தான் அது ராத்திரி மூன்று மணி வரை தொங்குகிறது.

முதல் ஆணி எழும் நேரம். தூங்கும் நேரம் உங்கள் கையில் இல்லை, எழும் நேரம் இருக்கிறது. எத்தனை மணிக்குக் கண் மூடினாலும் காலை ஆறரைக்கு எழுந்து, பல் தேய்த்து, ராத்திரிப் போட்டிருந்த கைலியை மாற்றிவிடுங்கள். கட்டிலை விட்டு நாற்காலிக்கு வந்து, பால்கனியோ ஜன்னலோ வெளிச்சம் படுகிற இடத்தில் அரைமணி நேரம் உட்காருங்கள். காலை ஒரு ஸ்டூலில் தலையணை போட்டு நீட்டி வைத்துக்கொள்ளலாம். முதல் மூன்று நான்கு நாள் தலை கனக்கும், பகலில் கண் சொக்கும். மதியம் சாப்பிட்ட பிறகு அலாரம் வைத்து அரைமணி நேரம் மட்டும் தூங்குங்கள். மூன்று மணிக்கு மேல் கட்டிலில் சாயாதீர்கள்.

வெளிச்சத்தை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நம் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் சரியாக 24 மணி நேரம் ஓடுவதில்லை. பெரும்பாலானவர்களுக்குச் சில நிமிடங்கள் கூடுதலாக ஓடும். காலை வெளிச்சம்தான் அதை தினமும் திருப்பி வைக்கிறது. மாஸ்கோவில் 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை ஆறு ஆண்களை 520 நாள், செவ்வாய்க்குப் போகும் விண்கலம் மாதிரியான ஒரு கூண்டுக்குள் வைத்துப் பார்த்தார்கள். நல்ல உடம்பும் பயிற்சியும் உள்ளவர்கள். அவர்களே நாளாக ஆக அசைவு குறைந்து, படுத்தே கிடக்க ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு நாளே 25 மணி நேரமாக நீண்டு, மற்றவர்கள் விழித்திருக்கும்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஆகவே இது உங்கள் சோம்பல் என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஃபோனை விட்டுவிடச் சொல்ல மாட்டேன், சொன்னாலும் நடக்காது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அது வேறு அறையில் சார்ஜ் ஏறட்டும், அவ்வளவுதான். ஆனால் தூக்கத்தைக் கெடுப்பது வலி என்றால் விஷயமே வேறு. அதை டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக மாத்திரையைக் கூட்டாதீர்கள்.

இரண்டாவது ஆணிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு லாரி டிரைவரைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். தொடை எலும்பு முறிவு. யாரோடும் பேச மாட்டார், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவருடைய மனைவி இட்லிக்கடை நடத்திக்கொண்டிருந்தார். ஒருநாள் பொறுமை போய், ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயத்தை அவர் மடியில் வைத்து, "பதினோரு மணிக்குள்ள உரிச்சுக் குடுங்க, சாம்பாருக்கு வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டிரைவருக்கு வந்த கோபத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பதினைந்து நிமிடம் முறத்தைத் தொடவில்லை. அப்புறம் ஒன்றை எடுத்தார். கண்ணில் தண்ணீர் வர வர, மூக்கை உறிஞ்சிக்கொண்டே அரைக் கிலோவை உரித்து முடித்தார். அடுத்த வாரம் நான் போனபோது, வெங்காயத்தை முதலில் தண்ணீரில் ஊறப்போட்டால் தோல் சுலபமாக வரும் என்று எனக்கே பாடம் எடுத்தார். இட்லிக்கடையில் அவர் உரித்த வெங்காயம் இல்லாமல் சாம்பார் கொதிக்காது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

நான் கேட்பதும் அந்த மாதிரி வேலைதான். நீங்கள் செய்யாவிட்டால் வீட்டில் யாருக்காவது ஒன்று தடைபட வேண்டும், அதற்கு ஒரு நேரமும் இருக்க வேண்டும். சும்மா இருக்கும் நேரத்தில் இங்கிலீஷ் கற்றுக்கொள்கிறேன், கீபோர்டு வாசிக்கிறேன் என்று தொடங்குகிறவர்கள் உண்டு. பத்து நாளில் அது நின்றுபோய், அதுவும் முடியவில்லையே என்ற குறை ஒன்று சேர்ந்துகொள்ளும். உங்களுக்கு ஏற்கெனவே கை வந்தது எது என்று பாருங்கள். அக்கம்பக்கத்து மிக்சி, அயர்ன் பாக்ஸ், டேபிள் ஃபேன் எல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கக்கூடியவைதானே? உதவிக்கு ஒரு பையன் இருந்தால், அவன் சைட்டிலிருந்து வீடியோ காலில் போர்டைக் காட்டட்டும், நீங்கள் சொல்லிக்கொடுங்கள். எஸ்டிமேட் போடுவதும் பாக்கிப் பணத்துக்கு ஃபோன் செய்வதும் காலை பத்து மணி வேலையாக இருக்கட்டும். மகளுக்கு இயற்பியலில் மின்னோட்டவியல் பாடம் இருக்கிறது. ஓம் விதியை உங்களைவிட யார் நன்றாக விளக்கப்போகிறார்கள்?

எரிந்து விழுவதைப் பற்றி. உதவி கேட்டுக் கேட்டே மனிதன் சிறுத்துப்போவான். தண்ணீருக்கு ஒரு தடவை, சார்ஜருக்கு ஒரு தடவை என்று நாளைக்கு இருபது தடவை கூப்பிடும்போது, கூப்பிடுகிறவருக்கும் எரிச்சல், வருகிறவருக்கும் எரிச்சல். வாக்கரின் முன்பக்கக் குறுக்குக் கம்பியில் ஒரு மஞ்சப்பையைக் கட்டுங்கள். வாக்கர் பிடித்தால் இரண்டு கையும் போய்விடும். பை இருந்தால் தண்ணீர் பாட்டில், ஃபோன், துண்டு, மாத்திரை எல்லாம் கூடவே வரும். பையைக் கனமாக்காதீர்கள், ஒரு பக்கமாகவும் மாட்டாதீர்கள், வாக்கர் சாயும். அப்புறம், ஏழு மணிக்கு மனைவி வந்ததும் முதல் அரைமணி நேரம் ஒன்றும் கேட்காதீர்கள். நீங்கள் பகல் முழுக்கப் பேச ஆளில்லாமல் காத்திருக்கிறீர்கள், அவர் பகல் முழுக்கப் பேசிவிட்டு வருகிறார். சண்டை பெரும்பாலும் அந்த அரைமணியில்தான் பிறக்கிறது.

பார்க்க வருகிறவர்கள் ஒரு தனி ரகம். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து உட்கார்ந்து, "எங்க மச்சானுக்கு இதே மாதிரிதான், இன்னும் நொண்டிக்கிட்டுதான் இருக்கார்" என்பார்கள். மாலை ஐந்திலிருந்து ஆறுக்குள் வரச் சொல்லிவிடுங்கள்.

ராத்திரி தூக்கம் வராமல் புரளும்போது வருவது பணக்கவலை என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதவில்லை, ஆனால் தினக்கூலி மாதிரி வருமானம் உள்ளவர் மூன்று மாதம் உட்கார்ந்தால் வேறு என்ன வரும்? அதைத் துரத்த வேண்டாம், அதற்கு ஒரு நேரம் கொடுங்கள். தினமும் மாலை நான்கு மணிக்கு நோட்டை எடுத்து, இருபது நிமிடம் கவலைப்படுங்கள். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், சீட்டுத் தவணை என்ன ஆகும், யாரிடம் பேச வேண்டும் என்று எழுதியே கவலைப்படுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு அது திரும்ப வந்தால், நாளை நான்கு மணிக்குப் பார்க்கலாம் என்று தள்ளிவிடுங்கள். முதல் நாள் கேட்காது. ஒரு வாரத்தில் கொஞ்சம் கேட்கும். கவலைக்கு இப்படி நேரம் ஒதுக்குவது மனநல சிகிச்சையில் 1980களிலிருந்தே இருக்கிற முறைதான்.

ஏழாவது வாரத்துக்கு இப்போதே தயாராகிவிடுங்கள். அண்டார்டிகாவில் குளிர்காலம் முழுக்க அடைந்து கிடப்பவர்களைப் பற்றி எழுதியவர்கள், பாதி தாண்டிய பிறகு வரும் கால்பங்கில்தான் சிலருக்கு மனம் சரியும் என்று கவனித்தார்கள். எல்லா ஆய்விலும் அப்படியே வரவில்லை, ஆனால் எலும்பு முறிவுக்காரர்களிடம் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆறாவது வாரம் எக்ஸ்ரே எடுக்கப் போவீர்கள். இன்றைக்கு ஊன்றச் சொல்லிவிடுவார் என்ற ஆசையோடு போவீர்கள். டாக்டர் படத்தைப் பார்த்து, "நல்லா இருக்கு, இப்படியே இருங்க" என்பார். நல்ல செய்திதான், ஆனால் வீடு திரும்பும்போது ஆட்டோவில் யாரும் பேச மாட்டீர்கள். காலண்டரில் நாளை அடித்துக்கொண்டே போவது அப்போது வதைக்கும். அதற்குப் பதில் ஞாயிறுதோறும் போன வாரம் முடியாதது இந்த வாரம் என்ன முடிந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். காலைத் தொங்கவிட்டு எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது என்பதே போதும். முதலில் ஐந்து நிமிடத்தில் கால் நீலம் பாரித்து வீங்கும், போகப் போக அந்த நேரம் நீளும். பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகளை விடாதீர்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் இந்த 12 வாரமாவது நிறுத்துங்கள், எலும்பு கூடுவதை அது தாமதப்படுத்தும்.

சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. ஆடுசதையில் புதிதாக வலியும் வீக்கமும் வந்தாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ, காயத்தில் சீழோ காய்ச்சலோ வந்தாலோ அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் 108. அதேபோல எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனாலோ, செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலோ, 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

இனி படி. கால் பலம், கைப்பிடி, படியின் உயரம் இவற்றைப் பார்க்காமல் நான் இறங்குங்கள் என்று சொல்ல முடியாது. அடுத்த முறை பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வரும்போது, படியிலேயே வைத்துச் சொல்லித்தரக் கேளுங்கள். பலருக்கு நாங்கள் சொல்லித்தருவது உட்கார்ந்தபடியே இறங்குவது. மேல்படியில் உட்கார்ந்து, உடைந்த காலை முன்னால் நீட்டி, இரண்டு கையாலும் நல்ல காலாலும் தாங்கி ஒவ்வொரு படியாக நகர வேண்டும். ஏறும்போது முதுகைக் காட்டி இதையே திருப்பிச் செய்ய வேண்டும். மேலும் கீழும் ஒரு நாற்காலி வேண்டும், வாக்கரை எடுத்து வர ஒரு ஆள் வேண்டும். மகள் தனியாக இருக்கும்போது முயற்சி செய்யாதீர்கள். மனைவிக்கு லீவு உள்ள நாளில், வெயில் ஏறுவதற்கு முன் இறங்கிப் பாருங்கள். போகும்போது பழைய லுங்கியாகக் கட்டிக்கொள்ளுங்கள், படி தேய்த்துக் கிழித்துவிடும்.