ஆறு மணிக்குப் பிறகு ஏர்கோன் யார் கணக்கு?

கேள்வி: கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் ஓர் உயர்மாடிக் கட்டடத்தில், ஏற்கெனவே வாடகைக்கு இருந்த நிறுவனத்திடம் மேசை நாற்காலியோடு இரண்டு அறைகளை உள்வாடகைக்கு எடுத்தேன். மூன்று மாத முன்பணமும் கொடுத்தாச்சு. இப்போது கட்டட நிர்வாகம், 'உள்வாடகைக்கு விட அவர்களுக்கு அனுமதியே இல்லை' என்கிறது. அந்த நிறுவனத்தார் போனை எடுப்பதில்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா? *(கணக்காளர், செந்தூல்)*

பதில்: அங்கே எடுபடாது அம்மா. அது சொந்த உபயோகத்துக்கும் வீட்டுக்கும் வாங்குபவர்களுக்கானது. தொழிலுக்கு எடுத்த இடம் அதில் சேராது. முன்பணம் 5,000 வெள்ளிக்குள் இருந்து, உங்கள் சொந்தப் பெயரில் கட்டியிருந்தால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்கில் வக்கீல் இல்லாமலே கேட்கலாம். அதற்கு மேல் என்றால் வக்கீலைப் பாருங்கள். போலீஸ் புகாரும் கொடுங்கள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் உங்கள் கணினிகளின் ரசீதுகளைத் தேடி எடுத்து வையுங்கள். அந்த நிறுவனம் வாடகைப் பாக்கி வைத்திருந்தால், கட்டட உரிமையாளர் 1951-ஆம் ஆண்டின் சட்டப்படி நீதிமன்ற ஆணை வாங்கி, 12 மாதப் பாக்கி வரைக்கும் அங்கிருக்கும் சாமான்களைக் கைப்பற்றலாம். எது யாருடையது என்று நிரூபிக்கும் அலைச்சல் அப்புறம் உங்கள் தலையில்தான். உங்கள் மேல் தப்பில்லை. தனக்கில்லாத உரிமையை விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டியவர்.

கேள்வி: ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியே ஆக வேண்டுமா? *(பிரிக்பீல்ட்ஸ்)*

பதில்: ஆமாம், கையெழுத்திட்ட 30 நாளுக்குள். முத்திரை இல்லாத தாளை நீதிபதி கையில் வாங்க மாட்டார்.

கேள்வி: புக்கிட் பிந்தாங்கில் உள்வாடகைக்கு இடம் எடுத்து இணையவழி டியூஷன் நடத்துகிறோம். வகுப்பு இரவு ஏழு முதல் பத்து வரை. வாடகை மலிவு. ஆனால் முதல் மாதமே ஏர்கோனுக்குத் தனி பில் வந்திருக்கிறது. இது நியாயமா? *(ஓர் ஆசிரியர்)*

பதில்: இதைப் பற்றி எழுதி எழுதியே என் பேனா தேய்ந்துவிட்டது. உயர்மாடிக் கட்டடங்களில் ஏர்கோன் பெரும்பாலும் மொத்தக் கட்டடத்துக்கும் பொதுவாக ஓடுவது. அலுவலக நேரம் முடிந்தால் நிறுத்திவிடுவார்கள், சனிக்கிழமை அரை நாள்தான். அதற்குமேல் வேண்டுமென்றால் மணிக் கணக்கில் கட்டணம், சில இடங்களில் ஒரு தளம் முழுவதற்கும் சேர்த்து. விளம்பரத்தில் சதுர அடிக்கு இவ்வளவு என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள், இதைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். கார் நிறுத்த மாதப் பாஸ் எவ்வளவு, நுழைவு அட்டை தொலைந்தால் எவ்வளவு, காலி செய்யும்போது தடுப்புச் சுவரை இடித்து இடத்தைப் பழையபடி ஆக்கித் தர வேண்டியது யார்? எதையும் சொல்ல மாட்டார்கள். எனக்கு எரிச்சல் அங்கேதான். கூடவே, இரவு வகுப்பு நடத்தும் நீங்கள் இடம் பார்க்கப் பட்டப்பகலில் போனது ஏன் என்றும் கேட்கத் தோன்றுகிறது. கட்டணம் ஒப்பந்தத்தில் இருந்தால் கட்டித்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் கட்டட நிர்வாகத்தின் மூல பில்லைக் காட்டச் சொல்லுங்கள், நடுவில் யாராவது ஏற்றி வைத்திருக்கலாம்.

கேள்வி: காலி செய்தபோது, நாற்காலிகள் கெட்டுவிட்டன என்று முன்பணத்தில் 1,800 வெள்ளி பிடித்துவிட்டார். வரும்போதே அவை அப்படித்தான் இருந்தன. படம் எதுவும் எடுக்கவில்லை. *(அம்பாங்)*

பதில்: கையில் கேமரா உள்ள போனை வைத்துக்கொண்டு 'படம் எடுக்கவில்லை' என்றால் நான் என்ன செய்ய? சாமான் பட்டியலில் என்ன எழுதிக் கையெழுத்திட்டீர்கள் என்று பாருங்கள். 'நல்ல நிலையில்' என்று இருந்தால் பாதியாவது திரும்ப வருமா என்று பேசிப் பார்க்கலாம், அவ்வளவுதான். இந்த நாற்காலிகளே ஒரு தினுசு. மூடப்போகும் அலுவலகம் ஒன்றில் நான் மலிவாக வாங்கிய நாற்காலி, உட்கார்ந்து பத்து நிமிடத்தில் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கிவிடும். வாங்கும்போது இரண்டு நிமிடம்தான் உட்கார்ந்து பார்த்தேன்.

கேள்வி: இடத்தைப் பிடித்து வைக்க ஏஜெண்ட் தன் சொந்த வங்கிக் கணக்கில் பணம் போடச் சொல்கிறார். போடலாமா? *(பெட்டாலிங் ஜெயா)*

பதில்: கூடாது. பதிவு பெற்ற சொத்து முகவர் என்று காட்டும் ஆர்.இ.என். அட்டையை அவரிடம் கேளுங்கள்.

கேள்வி: இரண்டு வருடத்துக்கு உள்வாடகை தருகிறார். ஆனால் அவருடைய சொந்த ஒப்பந்தமே எட்டு மாதத்தில் முடிகிறதாம். புதுப்பித்துவிடுவேன் என்கிறார். *(செராஸ்)*

பதில்: எட்டு மாதத்துக்கு மட்டும் எழுதுங்கள் தம்பி. அதுவும் கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகு.